பதினேழு நிமிடம்

ஜோதிமணியோடு யாரும் முகம் கொடுத்துப் பேசி ஐம்பத்தேழு நாளாகிவிட்டது. அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் வட்டமாக உட்கார்ந்து, உன் வெஞ்சனம் எனக்கு, என் வெஞ்சனம் உனக்கு என்று மூடிக்கு மூடி மாற்றிக்கொள்கிற பெண்கள், அவள் தலை தெரிந்தால் நகர்ந்து வட்டத்தை அடைத்துக்கொள்வார்கள். அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாகக் குந்தி, தான் வதக்கிய கத்தரிக்காயைத் தானே தின்றுவிட்டு எழுந்து போவாள். திருடி மாட்டினவளைக்கூட இப்படி ஒதுக்க மாட்டார்கள்.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள்? வேலை செய்தாள். கொஞ்சம் வேகமாகச் செய்தாள். அவ்வளவுதான்.

வேடசந்தூர் ரோட்டில் இருந்த அந்த நூல் மில்லில் சிட்டம் போடுகிற பகுதி முழுக்கப் பெண்கள், நாற்பத்திரண்டு பேர். ஆளுக்கொரு மிஷின். நாற்பது கண்டுகளிலிருந்து நூல் ஓடி வந்து நீளமான ராட்டையில் வளையம் வளையமாக, சிட்டம் சிட்டமாகச் சுற்றிக்கொள்ளும். நடுவில் அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். சுற்றி முடித்ததும் நாற்பது சிட்டத்தையும் தனித்தனியாகக் கட்டி, வெட்டி, இறக்க வேண்டும். இறக்கிவிட்டால் ஒரு டாப் முடிந்தது. சின்னாளபட்டித் தறிகளுக்குப் போகிற நூல் அது. சிக்கு விழுந்தால் தறிக்காரர்கள் நாலு வசவோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பதறாமல் செய்கிற வேலை. எட்டு மணி நேர ஷிப்டில் பதினெட்டு டாப் போட்டால் நல்ல பெயர். பதினாறு போட்டால் மேஸ்திரி வீரப்பன் ஒரு உறுமு உறுமிவிட்டுப் போய்விடுவார்.

அந்த மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூசையன்று மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்த பிறகு, பெண்களுக்கு ஒரு போட்டி நடக்கும். பழைய மேனேஜர் கையில் கடிகாரத்தோடு நிற்பார். அவர் விசில் ஊதியதும் ஆளுக்கொரு டாப் போட வேண்டும். முதலில் முடித்தவளுக்கு எவர்சில்வர் பாத்திரம். ஜோதிமணி வீட்டு அடுப்படியில் ஆறு எவர்சில்வர் பாத்திரங்கள் இருந்தன. ஒன்றுகூடக் கடையில் வாங்கியதில்லை.

எண்பத்தைந்தாம் வருஷம் மில் கைமாறியது. புது முதலாளி வந்த கையோடு வந்த ஆயுத பூசை ஒப்புக்கு நடந்தது. சந்தனம் வைத்தார்கள், பொரி கொடுத்தார்கள், வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். போட்டி இல்லை. பெண்களுக்கு மனசே சரியில்லை. எட்டு நாள் கழித்து, கதவில் கட்டிய மாவிலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தபோது, கோயமுத்தூரிலிருந்து ஸ்ரீராம் என்கிற வாலிபர் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், மரியாதையான ஆள். கையில் ஒரு அட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு கடிகாரம். அதைப் பார்த்ததும் முதலில் கூவியது கனகாதான். இருப்பதிலேயே சின்னவள், இருப்பதிலேயே வாய்க்காரி.

"ஏ அக்கா! விட்டுப்போன போட்டியை இப்ப வைக்கப்போறாக! கடியாரத்தைப் பாரு!"

"யாராச்சும் ஒருத்தர் ஒரு டாப் போட்டுக் காமிங்கம்மா" என்றார் ஸ்ரீராம். "எப்பவும் போல ஓட்டுங்க. அவசரமே இல்லீங்க."

எப்பவும் போல என்றுதான் அவர் சொன்னார். இல்லை என்று சொன்னால் நமக்கு நாக்கு அழுகிப்போகும். ஆனால் கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எப்பவும் போல என்றால் எவள் நம்புவாள்? நாற்பத்தோரு பேரும் சேர்ந்து ஜோதிமணியைத்தான் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அவளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றாள். அன்றைக்கு அவள் கை ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அடேயப்பா! அறுந்த நூலை அவள் முடிந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பக்கத்து மிஷின் பெருமாயிதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள். "விடாதடி ஜோதி! குடம் நமக்குத்தான்!"

பதினேழு நிமிடம். கனகா வாயில் விரலை வைத்து விசிலடித்தாள்.

"பாத்திரம் எப்ப சார் குடுப்பீக?" என்று ஜோதிமணி மூச்சு வாங்கக் கேட்டாள். ஸ்ரீராம் ஒன்றும் புரியாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் வயிறு பற்றி எரியும்.

பாத்திரம் வரவில்லை. கார்த்திகை மாதம் முதல் தேதி வாசலில் ஒரு கரும்பலகை வந்தது. இனி ஷிப்டுக்கு இருபத்துநாலு டாப். சாப்பாட்டு அரை மணி போக மீதி நேரத்தை ஜோதிமணியின் பதினேழு நிமிடத்தால் வகுத்து, போனால் போகிறது என்று இரண்டைக் கழித்திருந்தார்களாம். எட்டாதவள் பேர் சாக்கட்டியில் பலகையில் ஏறும். ஒரே வாரத்தில் மூன்று தடவை ஏறினால் மெமோ. மூன்று மெமோ வாங்கினவள் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம்.

அதோடு விட்டார்களா? மிஷினுக்குக் கண்டு கொண்டுவந்து கொடுக்கிற ஆட்களை நிறுத்தினார்கள். நீயே போய் எடுத்துக்கொள். பத்து மணிக்கு நின்ற இடத்துக்கே வந்துகொண்டிருந்த டீ நின்றது. கக்கூசுக்குப் போக வரிசைக்கு ஒரு மரக்கட்டையை ஆணியில் மாட்டினார்கள். கட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் போனவள் திரும்பி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பதினாலு பொம்பளைக்கு ஒரு கட்டை! மாதத்தில் அந்த மூன்று நாள் படுகிற பாட்டை எந்த மேனேஜரிடம் போய்ச் சொல்வது?

இதில் பெரிய கொடுமை, இருபத்துநாலு ஜோதிமணிக்கே எட்டவில்லை. ஒரு டாப்பை ஓடி முடிக்கலாம். நாள் முழுக்க ஓட உடம்பு என்ன இரும்பா? முதல் வாரமே அவள் பேரும் பலகையில் ஏறியது. அதைப் பார்த்தாவது இவளுகளுக்கு மனசு இளகியதா என்றால், இல்லை. "இவ ஓடின ஓட்டத்துக்கு நாம சாகுறோம்" என்று ஆரம்பித்தாள் கனகா. ஒருத்தி வாயிலிருந்து இன்னொருத்தி வாய்க்குப் போனது. ஜோதிமணி ஒரே ஒரு நாள் திருப்பிக் கேட்டாள்.

"என்னையப் பிடிச்சுத் தள்ளுனது யாருடி? விசிலடிச்சது யாருடி? இப்ப மட்டும் நான் தனியா ஓடினேனாக்கும்?"

பதில் சொன்னால் பேச்சாகிவிடும் என்று ஒருத்தியும் பதில் சொல்லவில்லை. கனகா பேசாததைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். பெருமாயி பேசாததுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பதிமூன்று வருஷம் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்றவர்கள் இரண்டு பேரும். இவளுக்கும் ஊர் அகரம், அவளுக்கும் ஊர் அகரம். பெருமாயி புருஷனுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்து நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. நாலு எட்டு நடந்தால் இருமி உட்கார்ந்துவிடுவார். இரண்டு பெண்பிள்ளைகள். வீட்டில் அடுப்பு எரிகிறதென்றால் அது பெருமாயி கையை நம்பித்தான். அந்தக் கையோ, கத்தரி பிடித்துப் பிடித்து மணிக்கட்டில் கொட்டைப்பாக்கு மாதிரி வீங்கியிருந்தது. அவளால் இருபதைத் தாண்ட முடியவில்லை. தை பிறப்பதற்குள் இரண்டு மெமோ வாங்கிவிட்டாள். மூன்றாவது எந்த நாளும் வரலாம்.

பெருமாயி வேலை போனால் அது தன்னால்தான் என்று ஜோதிமணிக்கு நினைப்பு. நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் யூனியன் செயலாளர் சூசைமுத்துவைப் பிடித்தாள். மில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார் அவர்.

"அண்ணே, அது போட்டின்னு நெனச்சு ஓடினதுண்ணே. அதைப் போயி வழக்கமான வேலைன்னு எழுதிக்கிட்டாக. திருப்பி அளக்கச் சொல்லுங்கண்ணே."

"இருபத்துநாலுக்குச் சம்மதம்னு யூனியன் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாச்சேம்மா" என்றார் அவர்.

"எங்களைக் கேட்டா போட்டீக?"

சூசைமுத்து டீயை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஆனாலும் மனுஷன் நல்லவர்தான். பத்து நாள் அலைந்து, மறுபடி ஒரு தடவை அளக்கச் சம்மதம் வாங்கிவிட்டார். அதில் ஒரு கண்டிப்பு இருந்தது. "ஒரே தடவைதான் அளப்பாக. அதுல என்ன வருதோ அதான் முடிவு. குறைஞ்சா குறையும், கூடினா கூடும். நான் எழுதிக் குடுத்துருக்கேன். பாத்து நடந்துக்கங்க."

"கூடுறதாவது! எவ இனிமே ஓடுவா?" என்றாள் ஜோதிமணி.

அதே ஜோதிமணியைத்தான் மறுபடி அளப்பார்கள் என்று சேதி பரவியது. அளக்கிற நாளுக்கு முந்தின நாள் கனகா அவள் மிஷின் பக்கம் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், ராட்டையைப் பார்த்துச் சொன்னாள்: "நாளைக்கு ஆடி அசைஞ்சு ஓட்டணும். இந்தத் தடவையும் திமிரைக் காட்டினா நடக்குறது வேற." ஐம்பத்தேழு நாளில் அவளுக்குக் கிடைத்த முதல் பேச்சு அதுதான். அதற்கே ஜோதிமணிக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன சனியன் பிடித்த கண்ணோ!

ஸ்ரீராம் அதே அட்டையோடு, அதே கடிகாரத்தோடு வந்தார். கூடவே புது மேனேஜரும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேஸ்திரி வீரப்பன் மெமோக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். சூசைமுத்து ஒரு ஓரம்.

ஜோதிமணி மிஷினைத் தட்டிவிட்டாள். மெதுவாக ஓட்டுவது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு நூல் அறுந்தது. கை அதுபாட்டுக்குப் பாய்ந்தது. பிடித்து இழுத்து, முந்தானையில் துடைத்து, அறுந்த நுனி எங்கே என்று தெரியாதவள் போலத் தேடினாள். தேடுகிற இடத்தில் நுனி கண்ணுக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. சிட்டம் கட்டும்போது ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் ஐந்துவரை எண்ணினாள். கத்தரியைக் கீழே போட்டாள். போட்டதை எடுத்து ஊதினாள். முடித்தபோது இருபத்தாறு நிமிடம். பின்னால் பெண்கள் கூட்டத்திலிருந்து நிம்மதியாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

ஸ்ரீராம் எழுதவில்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அவளையே பார்த்தார்.

"ஏனுங்கம்மா, நீங்க எப்படி வேலை செய்வீங்கன்னு நான் பாத்தவன்தானுங்களே. இது உங்க கை இல்லீங்க." கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இதை நான் எழுத முடியாதுங்க. சரி, வேகமா செய்றவங்களை வச்சு அளந்துட்டோம்னுதானே உங்க புகாரு? முடியாதவங்களை வச்சே அளந்துருவோம். ரொம்பக் கம்மியா போடுறவங்க யாருங்க?"

வீரப்பன் கோப்பைப் பிரித்து, எச்சில் தொட்டுப் புரட்டினார். "பெருமாயி சார். ரெண்டு மெமோ."

ஜோதிமணிக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். பெருமாயி நடிக்கவே வேண்டாம்! அவள் கைக்கு எப்படி ஓட்டினாலும் இருபத்திரண்டு நிமிடத்துக்குக் குறையாது. பெருமாயி மிஷினுக்கு வந்தாள். மணிக்கட்டில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. ஜோதிமணி அவள் கண்ணைப் பிடிக்கப் பார்த்தாள். பிடித்து, அப்படியே இரு, எப்பவும் போல ஓட்டு என்று சொல்லிவிட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வாயைத் திறந்தார்.

"ஓ, இந்த அம்மாதானா? மூணாவது மெமோ டைப் அடிச்சு மேஜையிலதான் இருக்கு. பாப்போம், இந்த மில்லுக்கு இவங்க லாயக்கா இல்லையான்னு."

பெருமாயி யாரையும் பார்க்கவில்லை. மேனேஜரைப் பார்த்தாள். வீரப்பன் கையில் இருந்த கோப்பைப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டுத் துணியின் முனையைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கி முடிந்தாள். அந்த இறுக்கலைப் பார்த்ததும் ஜோதிமணிக்குப் பகீரென்றது.

"பெருமாயி, இந்தா பாருடி..."

"யாரும் பேசக் கூடாது!" என்றார் வீரப்பன்.

மிஷின் ஓடியது. பெருமாயியும் ஓடினாள். நாற்பத்து மூன்று வயசுப் பொம்பளை, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடினாள். நூல் அறுவதற்கு முன்பே அறுகிற இடத்தில் போய் நின்றாள். வலது கை மடங்காதபோது இடது கையால் வெட்டினாள். கத்தரி சிக்கியபோது பல்லால் கடித்தாள். உதட்டில் பஞ்சு அப்பியிருந்தது. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. 'அடிப்பாவி, மெதுவாடி, மெதுவாடி' என்று ஜோதிமணி மனசுக்குள் கதறினாள். நாற்பத்தோரு பேரும் அதையேதான் கதறியிருப்பார்கள். பெருமாயி காதில் அது எப்படி விழும்? அவள் காதில் லாயக்கா இல்லையா என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிச் சிட்டம் இறங்கியது. ஸ்ரீராம் கடிகாரத்தை அமுக்கினார்.

"பதினாறரை" என்றார். அவர் முகம் உண்மையிலேயே மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களாம்மா? உங்களாலயே முடியுதுங்க! மனசு வச்சா எல்லாராலயும் முடியுமுங்க." அட்டையில் எழுதினார்.

"சார், அவ பயந்து ஓடினா சார்!" ஜோதிமணி பாய்ந்து முன்னால் வந்தாள். "வேலை போயிருமேன்னு ஓடினா! அவ கையைப் பாருங்க சார், ஒரு தடவை பாருங்க. நாள் பூரா இப்புடி ஓட முடியுமா? நீங்க ஓடுவீகளா?"

"முதல்ல நீங்க முடியாதுன்னு நடிச்சீங்க. இப்ப முடிஞ்சதை வேண்டாங்கறீங்க" என்றார் ஸ்ரீராம். "நான் எதைம்மா எழுதறது?"

மேனேஜர் ஆபீஸைப் பார்த்து நடந்தார். வீரப்பன் பின்னாலேயே போனார். சூசைமுத்து நெற்றியில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் எழுதிக் கொடுத்த காகிதம் மேனேஜர் பையில் இருக்கிறது. இனி யார் போய் எதைப் பேச?

நாலு மணிக்கு மில் பஸ் கிளம்பியது. ஜோதிமணி ஏறினபோது கனகா ஜன்னலோரத்திலிருந்து நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, இருக்கையைக் கையால் தட்டினாள்.

"வாக்கா, இங்கிட்டு வந்து உக்காரு. பாவம், நீயாச்சும் எங்களுக்காக நடிச்ச. அந்தச் சண்டாளியைப் பாத்தியா? மொத்தமா மண்ணை அள்ளிப் போட்டுட்டாளே!"

யோசிப்பதற்கு முன்பே ஜோதிமணி உட்கார்ந்துவிட்டாள். ஐம்பத்தெட்டு நாளாக ஏங்கிக் கிடந்த உடம்பு, கேட்காமலே உட்கார்ந்துகொண்டது. முன்னால் இருந்தவள் திரும்பி, வறுத்த கடலையை அவள் உள்ளங்கையில் கொட்டினாள். பின்னால் இருந்தவள் தோளைத் தொட்டாள். "எல்லாம் அவ ஒருத்தியாலதானேக்கா?" என்றாள் கனகா. "ஆமா" என்றாள் ஜோதிமணி. சொன்ன பிறகுதான் அந்த ஆமா அவள் காதிலேயே விழுந்தது. ச்சீ என்று ஆகிவிட்டது.

பெருமாயி முன்பக்கம் டிரைவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னாலேயே இரண்டு இருக்கை காலியாக இருந்தது. இரண்டிலும் தூக்குச்சட்டியை வைத்து அடைத்திருந்தார்கள். அவள் இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். வலது கையை மாராப்போடு சேர்த்து அணைத்திருந்தாள்.

ஜோதிமணி கடலையைக் கனகா மடியில் கொட்டிவிட்டு எழுந்தாள்.

"எங்கக்கா போற?"

"எங்கிட்டோ போறேன். ஒங்க சங்காத்தமே வேணாம்டி!"

பஸ் தடுக்கித் தடுக்கி ஓடியதில் இரண்டு பேர் மேல் விழுந்து எழுந்து, முன்னால் போய்ப் பெருமாயிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தாள். பெருமாயி அவளைப் பார்த்தாள். அத்தனை நாளைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் முதல் பேச்சு அவளிடமிருந்துதான் வந்தது.

"போயி உக்காரு ஜோதி. எங்கூட நின்னா மறுபடி ஒங்கிட்டயும் பேச மாட்டாளுக."

"பேசாட்டிப் போறாளுக. நீ மட்டும் பேசினியாக்கும்?"

பெருமாயி தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புத்தான்டி."

"கையைக் காட்டு."

"கை கெடக்கு, விடு."

"காட்டுடிங்கிறேன்ல!"

பெருமாயி மாராப்பை விலக்கினாள். துணிக்கு மேலும் கீழும் கை பொதபொதவென்று வீங்கி, விரல் ஐந்தும் விறைத்துக் கிடந்தன. ஜோதிமணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அறையலாம் என்றால் இவள் கன்னம்தான் பக்கத்தில் இருந்தது. இவளை எப்படி அறைவது?

"மேஸ்திரி வந்து சொல்லிட்டாருடி" என்றாள் பெருமாயி. "மேஜையில இருந்த மூணாவது மெமோவைக் கிழிச்சுப் போட்டாகளாம். இனிமே என்னைய லாயக்கில்லேன்னு ஒரு பய சொல்ல முடியாதுல்ல?" அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பல வருஷமாக ஆயுத பூசைக்கு ஆயுத பூசை பக்கத்தில் நின்று கைதட்டியே பழகினவளுக்கு, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வந்த சிரிப்பு. வீங்கின கையை மறுபடி மாராப்புக்குள் வைத்துக்கொண்டு, ஜோதிமணி காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ரகசியம் போலச் சொன்னாள்.

"ஒன்னைய விட அரை நிமிசம் கம்மிடி, தெரியுமா?"

அந்த அரை நிமிடம் விடிந்ததும் கரும்பலகையில் ஷிப்டுக்கு இருபத்தைந்து டாப்பாக ஏறியிருக்கும் என்று அவளிடம் சொல்ல ஜோதிமணிக்கு வாய் வரவில்லை.